பல கைகள் எழுதிய சரித்திரம்

பெரிய மனிதர் யாராவது காலமானால் மறுநாள் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: 'ஒரு சகாப்தம் முடிந்தது.' நானும் இரண்டு மூன்று தடவை அப்படி எழுதியிருக்கிறேன். எழுதும்போது அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. சகாப்தம் என்றால் சக அப்தம், அதாவது சகர்களின் ஆண்டு. சகர்கள் மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் குதிரையும் கூடாரமுமாகத் திரிந்த ஜனங்கள். மெள்ள மெள்ளத் தெற்கே இறங்கி, சிந்துவிலும் சௌராஷ்டிரத்திலும் உஜ்ஜயினியிலும் ராஜ்யம் ஸ்தாபித்தார்கள். கி.பி. 78-ல் தொடங்கும் சக ஆண்டு அவர்கள் பெயரை இன்றும் சுமந்து கொண்டிருக்கிறது. அதைத் தொடங்கியது உஜ்ஜயினியை ஆண்ட சகர்களா, குஷான அரசன் கனிஷ்கனா என்பது பழைய வழக்கு. யார் ஜெயித்தாலும் கக்ஷிக்காரர்கள் இருவரும் மத்திய ஆசியாக்காரர்கள்தாம்.

நம்மவர்கள் இதில் ஒரு வேடிக்கையும் செய்திருக்கிறார்கள். பஞ்சாங்கத்தைப் பிரித்தால் 'சாலிவாகன சகாப்தம்' என்று போட்டிருக்கும். சாலிவாகனன் சகர்களைத் தோற்கடித்தவன் என்பது கதை. தோற்றவன் பெயரிலுள்ள ஆண்டை ஜெயித்தவன் கணக்கில் எழுதிவிட்டோம்! நாவலாசிரியன் இப்படி எழுதினால் விமர்சகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இந்த விஷயங்களெல்லாம் எனக்குத் திடீரென்று உறைத்தது, யுனெஸ்கோ ஸ்தாபனம் வெளியிட்டுள்ள மத்திய ஆசிய நாகரிகங்களின் சரித்திரத்தை மத்தூரில் உட்கார்ந்து படித்தபோது. ஆறு தொகுதிகள், நாலாவது தொகுதி இரண்டு பாகம் என்பதால் புஸ்தகங்கள் ஏழு. பெங்களூர் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, பஸ்ஸில் இரண்டு தவணையாகக் கொண்டு வந்தேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுடலாமா சார்?" என்றார்.

எங்கள் தெருவில் பழைய கர்ணம் ஒருவர் இருக்கிறார். கர்ணம் உத்தியோகத்தைச் சர்க்கார் 1980-ல் எடுத்துவிட்டது. ஆனால் ஊர் அவரை இன்னும் கர்ணம் என்றுதான் கூப்பிடுகிறது. திண்ணையில் அடுக்கியிருந்த புஸ்தகங்களைப் பார்த்து, "மத்திய ஆசியாவா? ஏன் தம்பி, மத்தூருக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்காகப் பஞ்சாங்கத்தைக் காட்டி சகர்கள் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ பசலி?" என்றார்.

எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிவிட்டது. மத்தூரில் ஒரு காணி மானாவாரி நிலம் வைத்திருப்பவனும் அடங்கல் வாங்கிப் பார்த்தால் அதில் கிறிஸ்துவ ஆண்டோ, திருவள்ளுவர் ஆண்டோ பிரதானமாக இராது. பசலி ஆண்டு இருக்கும். ஜூலை முதல் தேதி பிறந்து ஜூன் கடைசியில் முடியும் ஆண்டு. அதோடு 590-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். போச்சம்பள்ளி தாலுக்கா ஆபீஸில் வருஷா வருஷம் நடக்கும் ஜமாபந்தியும் அந்தக் கணக்கில்தான். இந்தப் பசலி அக்பர் காலத்தில் ஏற்பட்டது. பிறகு தக்காணத்துக்கு வந்தது. அக்பரின் பாட்டன் பாபர் பெர்கானாவில் பிறந்தவர். ஆக மத்தூர்க்காரன் வீட்டில் இரண்டு காகிதம்: சுவரில் தொங்குகிற பஞ்சாங்கம், பெட்டியில் பூட்டிவைத்த அடங்கல். இரண்டிலும் காலத்தை அளந்து கொடுத்தவர்கள் ஆமு நதி, சிர் நதிப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் வாரிசுகள். பாராமகால் என்று இந்தப் பிரதேசத்துக்கே ஒரு பெயர் இருந்தது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் வாங்கிக்கொண்டபோது அந்தப் பெயரில்தான் வாங்கினார்கள். அந்தப் பெயரும் பாரசீகம் படித்த குமாஸ்தாக்களின் பாஷையிலிருந்து வந்ததே.

இனி புஸ்தகத்துக்கு வருகிறேன்.

1976-ல் நைரோபியில் நடந்த யுனெஸ்கோ பொது மகாநாட்டில் இப்படி ஒரு சரித்திரம் எழுத வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1980-ல் பல நாட்டு அறிஞர்கள் அடங்கிய கமிட்டி அமைந்தது. முதல் தொகுதி 1992-லும் கடைசித் தொகுதி 2005-லும் வெளிவந்தன. தீர்மானம் போட்டபோது பிறந்த குழந்தை, வேலை முடியும்போது முப்பது வயதை எட்டிக் கொண்டிருந்தது என்று பொருள். மத்திய ஆசியா என்பது எது என்பதிலேயே அபிப்பிராய பேதம். ஆப்கானிஸ்தானம், ஈரானின் வடகிழக்கு, பாகிஸ்தான், வட இந்தியா, சீனாவின் மேற்கு, மங்கோலியா, அன்றைய சோவியத்தின் மத்திய ஆசியக் குடியரசுகள் எல்லாம் சேர்ந்தது என்று ஒருவாறு முடிவு செய்தார்கள். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்கவே முதல் தொகுதியின் பின்னால் மிரோஷ்னிகோவ் என்ற ருஷ்ய அறிஞர் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது.

கமிட்டி எழுதும் புஸ்தகம் என்றால் எனக்கு இயல்பாகவே பயம். கமிட்டி ஒரு நாவலை எழுதியதாகக் கேள்விப்பட்டதில்லை. எழுதினால் கதாநாயகி எல்லாருக்கும் திருப்தியாக, யாருக்கும் ஞாபகமில்லாமல் போவாள். இந்தத் தொகுதிகளில் பல அத்தியாயங்கள் அப்படித்தான் இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்பாண்டத்தின் நிறம், விளிம்பின் வடிவம், மறுபடி மண்பாண்டம். நல்ல மாணாக்கனின் பரீட்சை விடைத்தாள் போல, தவறே இல்லாமல், மூச்சும் இல்லாமல் ஓடுகிற பக்கங்கள். ஒவ்வொருவரும் தத்தம் பாஷையில் யோசித்து, யாரோ ஒருவர் இங்கிலீஷில் சமன்படுத்தியது தெரிகிறது.

ஆனால் முதல் தொகுதியில் சிந்து நாகரிகத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் எழுத்தில் விசேஷமில்லை. அதன் தலைப்பின் கீழ் இருந்த இரண்டு பெயர்கள்தாம் காரணம். ஏ.எச். தானி, பி.கே. தாப்பர். முதல்வர் பாகிஸ்தான்காரர், இரண்டாமவர் இந்தியர்.

அகமது ஹசன் தானி 1920-ல் இப்போதைய சத்தீஸ்கரில் உள்ள பஸ்னாவில் பிறந்தார். காசி ஹிந்து சர்வகலாசாலையில் சம்ஸ்கிருதம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். ஒரு முஸ்லிம் வாலிபர் அந்த நாளில் அங்கே போய் சம்ஸ்கிருதம் படிப்பதென்பது எப்படி இருந்திருக்கும் என்பதை நாவலாசிரியர்கள் கற்பனை செய்து பார்க்கலாம். பிறகு தொல்பொருள் இலாகாவின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலரிடம் சேர்ந்தார். வீலர் என்றால் நமக்கு அந்நியர் இல்லை. 1945-ல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மண்ணை வெட்டி, ரோமாபுரிப் பாண்டங்களைக் கொண்டு தென்னிந்தியப் பழமைக்கு ஒரு தேதி கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர். தானியும் தாப்பரும் அந்த வீலரிடம் வேலை கற்றவர்கள். 1947-ல் தேசம் இரண்டானபோது தானி பாகிஸ்தான் பக்கம் போனார். டாக்காவிலும் பிறகு பெஷாவரிலும் இஸ்லாமாபாத்திலும் உபாத்தியாயராக இருந்தார். தாப்பர் இந்தியாவில் இருந்து, காலிபங்கன் முதலிய இடங்களில் தோண்டி, 1978 முதல் 1981 வரை இலாகாவின் தலைமைப் பதவியில் இருந்தார்.

சிந்து வெளி என்ன ஆயிற்று? மொகஞ்சதாரோவும் ஹரப்பாவும் அந்தப் பக்கம். காலிபங்கனும் லோத்தலும் இந்தப் பக்கம். ஒரே வீட்டின் பாத்திரங்களைச் சகோதரர்கள் பிரித்துக் கொண்ட மாதிரி, ஒரு நாகரிகத்தின் நகரங்களைப் பங்கு போட்டுக் கொண்டோம். 1965-லும் 1971-லும் இரண்டு சர்க்கார்களும் யுத்தம் செய்தன. ஒரு பக்கத்தவர் மறுபக்கத்து மண்மேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் விசா, அனுமதி, சந்தேகம். இவ்வளவுக்கும் பிறகு, பழைய வாத்தியாரின் இரண்டு சிஷ்யர்கள் ஒரே அத்தியாயத்தின் கீழ்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எந்த வாக்கியம் யாருடையது என்று தெரியவில்லை. தெரியாமலிருப்பதுதான் அங்கே அழகு. மற்ற அத்தியாயங்களில் எனக்கு எரிச்சலூட்டிய அந்தக் குரலற்ற நடை, இந்த ஓர் இடத்தில் மரியாதையாகப் பட்டது. நடை மாறவில்லை, அதன் பின்னால் இருந்த விலை எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

விலை என்றதும் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். முகம்மது அஸிமோவ் என்ற தாஜிக் அறிஞர். தாஜிக் விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். இந்தச் சரித்திர வேலையை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர். வேலை தொடங்கியபோது சோவியத் யூனியன் இருந்தது. முதல் தொகுதி அச்சாகும்போது அது இல்லை. ஐந்து குடியரசுகள் ஐந்து சுதந்திர நாடுகள். தாஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர். 1996 ஜூலையில், துஷான்பே நகரில், அஸிமோவைச் சுட்டுக் கொன்றார்கள். போஸ்வொர்த் என்ற ஆங்கிலேயருடன் சேர்ந்து அவர் பதிப்பித்த நாலாவது தொகுதியின் முதல் பாகம் 1998-ல் வெளியாயிற்று. அந்தத் தொகுதிக்குத் தலைப்பு 'சாதனைகளின் காலம்'. இப்ன் சீனாவும் அல் பிரூனியும் வாழ்ந்த காலத்தைக் குறித்தது. அட்டையில் அஸிமோவின் பெயரைப் பார்த்துவிட்டு அந்தத் தலைப்பைப் படிக்கிறபோது மனசு என்னவோ செய்கிறது.

சரி, மரியாதை வேறு, விமர்சனம் வேறு. இந்தப் புஸ்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு புஸ்தகம் இருக்கிறது. ராகுல் சாங்கிருத்யாயனைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண. முத்தையாவின் தமிழில் 'வால்காவிலிருந்து கங்கை வரை' படிக்காத நாவல் வாசகர் ஒரு தலைமுறையில் அபூர்வம். அதே ராகுல்ஜி ஹிந்தியில் மத்திய ஆசியாவின் சரித்திரத்தைத் தனியொரு மனிதராக எழுதியிருக்கிறார். அதற்கு 1958-ல் சாகித்ய அகாடமி பரிசும் கிடைத்தது. லெனின்கிராடில் வாத்தியாராக இருந்து, ருஷ்யப் புஸ்தகசாலைகளில் குறிப்பெடுத்து எழுதியது. அவருக்கு ஒரு கட்சி உண்டு. சரித்திரம் எங்கிருந்து எங்கே போகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. 'வால்கா'விலேயே அது தெரியும். நிஷாவும் திவாவும் நம் கண் முன்னால் நடமாடுகிறார்கள், ஆனால் நடமாடும் திசையை ஆசிரியர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். யுனெஸ்கோ தொகுதிகளில் அந்த ஆபத்து இல்லை. நிஷாவும் இல்லை.

எது மேல் என்று கேட்டால், கதை படிக்கிறவனாக ராகுல்ஜியைத்தான் எடுப்பேன். ஆனால் ஒரு விஷயத்தை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கமிட்டியிடம்தான் போவேன். டாக்டரிடம் போகும்போது அவருக்குக் கதை சொல்ல வருமா என்று யாரும் பார்ப்பதில்லை.

கமிட்டி மேல் எனக்குள்ள உண்மையான புகார் வேறு. இதே யுனெஸ்கோ 1963 முதல் 'மனித குலத்தின் வரலாறு' என்று ஒரு வரிசை வெளியிட்டது. அதன் ஆறாவது தொகுதியை எழுதிய மூவரில் ஒருவர் நம் சர்தார் கே.எம். பணிக்கர், அவர் மலையாள நாவலாசிரியரும்கூட. அந்த வரிசையில் ஆசிரியர் ஒன்று சொல்வார். சோவியத் அறிஞர்கள் 'நாங்கள் இதற்கு இசையவில்லை' என்று மறுப்பு எழுதுவார்கள். அதையும் குறிப்பாகச் சேர்த்து அச்சிட்டார்கள். விமர்சகர்கள் பலர் அதைக் கேலி செய்தார்கள். எனக்கு அந்தச் சண்டைதான் பிடித்திருந்தது. இரண்டு பேர் ஒரு பானையை வைத்துக்கொண்டு வாதாடும்போதுதான் பானை எவ்வளவு முக்கியம் என்று வாசகனுக்குப் புரிகிறது. மத்திய ஆசிய வரிசையில் அம்மாதிரி உரத்த குரல் எனக்கு அதிகமாகக் கேட்கவில்லை. அபிப்பிராய பேதமே இருந்திராது என்று நம்ப முடியுமா? எல்லை எங்கே, எந்த ஜனங்கள் யாருடைய மூதாதையர், எந்த அரசன் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதிலெல்லாம் புதிதாகப் பிறந்த ஐந்து தேசங்களுக்கும் பழைய தேசங்களுக்கும் எத்தனை வாதம் இருந்திருக்கும்! அவை கமிட்டி அறைக்குள்ளேயே தீர்ந்துபோய்விட்டன போலும். தீர்ந்ததன் பலன் நமக்குக் கிடைக்கிறது. வாதம் கிடைக்கவில்லை.

சரித்திரமும் கமிட்டிக்காகக் காத்திருப்பதில்லை. குஷானர்களைப் பற்றிய இரண்டாவது தொகுதி 1994-ல் வந்தது. பதிப்பாசிரியர் ஹங்கேரியின் யானோஸ் ஹர்மத்தா. கூட இருந்தவர்களில் ஒருவர் லக்ஷ்மணபுரியைச் சேர்ந்த பைஜ்நாத் புரி. கனிஷ்கனின் காலத்தை நிர்ணயிக்க 1913-லும் 1960-லும் லண்டனில் அறிஞர்கள் கூடி வாதாடியிருக்கிறார்கள். 1968-ல் துஷான்பேயில் குஷானர்களுக்கென்றே ஒரு பெரிய மகாநாடு நடந்தது. இவ்வளவும் ஆனபின், 1993-ல் ஆப்கானிஸ்தானத்தில் ரபாதக் என்ற இடத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. பாக்திரிய பாஷை, கிரேக்க லிபி. கனிஷ்கன் தன் கொள்ளுப்பாட்டன் முதல் வரிசையாகப் பெயர் சொல்லி வெட்டிவைத்தது. ஸிம்ஸ் வில்லியம்ஸும் ஜோ கிரிப்பும் அதைப் படித்து வெளியிட்டபோது தொகுதி கடைக்கு வந்துவிட்டது. வம்சாவளியில் அதுவரை தெரியாதிருந்த ஓர் அரசன், வீமா தக்தூ, எழுந்து உட்கார்ந்தான். பிறகு 2001-ல் ஹாரி பால்க் என்ற ஜெர்மானியர் கனிஷ்க ஆண்டின் தொடக்கம் கி.பி. 127 என்று கணித்தார். பல அறிஞர்கள் அதை ஏற்கிறார்கள். கனிஷ்கன் கைவிட்டால் சக ஆண்டு மறுபடியும் சகர்களிடமே, உஜ்ஜயினியின் சஷ்டனனிடமே, போய்ச் சேருகிறது. அந்தச் சஷ்டனனின் பேரன் ருத்ரதாமன்தான் கி.பி. 150-ல் கிர்நார் மலையடியில் நீண்ட சம்ஸ்கிருத வசனத்தில் சாசனம் வெட்டியவன். குதிரைக்காரனின் வாரிசு, வசனம் நன்றாக எழுதவும் வரும் என்று அந்தச் சாசனத்தில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறான். எழுத்தாளர்கள் அவனை மன்னித்துவிடலாம்.

தென்னாட்டுக்கு இந்தத் தொகுதிகளில் இடமில்லை. அதைக் குறையென்று சொல்லமாட்டேன். எந்தப் படத்துக்கும் ஓர் ஓரம் வேண்டும். நம் பக்கத்து வேலையை நாம் செய்தோமா என்பதுதான் கேள்வி. தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1964-ல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கிற்று. 1966-ல் கோலாலம்பூரில் முதல் மகாநாடு. பிரெஞ்சுக்காரர், செக் நாட்டவர், ஜெர்மானியர் எல்லாரும் வந்தார்கள். அருமையான கட்டுரைகள் வந்தன. பல தேசத்தாரும் உட்கார்ந்து தமிழகத்தின் சரித்திரத்தைத் தொகுதி தொகுதியாக எழுதும் காரியம் அதிலிருந்து பிறந்ததாகச் சொல்ல முடியாது. மகாநாட்டில் மேடை பெரிதாகப் பெரிதாக மேஜை சிறிதாகிவிடும் என்று தோன்றுகிறது.

உலகம் முழுவதும் போக வேண்டாம். மத்தூரிலிருந்து ஓசூருக்குப் போகும் தூரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹொய்சள ராஜ்யம் இரண்டு சகோதரர்களுக்குள் பாகமாயிற்று. மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்தில் இருந்தான். ராமநாதன் திருச்சிக்கு அருகே கண்ணனூரிலிருந்து ஆண்டு, பிறகு ஓசூர்ப் பக்கத்துக் குந்தாணிக்கு வந்தான். கன்னட வம்சம், தமிழில் சாசனம். இவனைத் தமிழ்நாட்டுச் சரித்திரக்காரர் ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பாராவில் வைக்கிறார். கர்நாடகத்துச் சரித்திரக்காரரும் கடைசிப் பாராவில்தான் வைக்கிறார். லூயி ரைஸ் 1905-ல் பதிப்பித்த கோலார் ஜில்லாக் கல்வெட்டுத் தொகுதியைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் தமிழ். ஓசூர் வட்டாரத்து நடுகற்களில் கன்னடம். அவர்கள் கல்வெட்டைப் படிக்க நம் ஆள் வேண்டும்; நம் கல்வெட்டைப் படிக்க அவர்கள் ஆள் வேண்டும். இடையில் ஒரு சோதனைச் சாவடியும் ஒரு நதியின் தண்ணீரும் இருக்கின்றன. தானிக்கும் தாப்பருக்கும் நடுவே இருந்தது அதைவிடக் கொஞ்சம் பெரிசு.

கர்ணத்துக்கு பாபரிடம் ஒரு பிடிப்பு ஏற்பட்டுவிட்டது. காரணம் மாம்பழம். பாபர் தம் சுயசரிதையில் ஹிந்துஸ்தானத்துப் பழங்களை மதிப்பிடும்போது மாம்பழத்தை முதலில் வைக்கிறார். ஆனால் முலாம்பழம் ஒன்றைத் தவிர வேறெதுவும் அதற்கு ஈடில்லை என்று சிலர் புகழ்வது மிகை என்கிறார். ஒரு முலாம்பழத்தை அறுத்தபோது ஊர் ஞாபகம் வந்து அழுததாகவும் எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் கர்ணத்துக்குக் கோபம். "நம்ம ஊர் பங்கனப்பள்ளி சாப்பிட்டிருக்க மாட்டாருங்க" என்றார். கிருஷ்ணகிரிக்காரர் வேறென்ன சொல்வார்? ஆறு தொகுதிகள் படித்தபின் எனக்கும் மனசில் நிற்பது என்னவோ பழத்தைப் பார்த்து அழுத அந்த மனிதர்தான். அவர் தனியாக எழுதினார்.

வாசகர்களில் யாருக்காவது இந்தத் தொகுதிகளைப் பார்க்க ஆசையிருந்தால் வரிசையாகப் படிக்க முயல வேண்டாம். முதல் தொகுதியில் தானி–தாப்பர் அத்தியாயத்தில் தொடங்கலாம். பிறகு ஐந்தாவதற்குத் தாவலாம். ஷாஹ்ரியார் ஆதிலும் அலிகாரின் இர்பான் ஹபீபும் பதிப்பித்தது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வரும் விஷயங்கள் நமக்குக் கொஞ்சம் பழகியவை. ஆறாவதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. நம் காலத்துச் சங்கதி என்பதால் எல்லாரும் ஜாக்கிரதையாகவே பேசுகிறார்கள். முதல் தொகுதியும் ஐந்தாவதும் இப்போது கர்ணம் வீட்டில் இருக்கின்றன. இங்கிலீஷ் அகராதி ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பெங்களூர் நண்பர் இரண்டு தடவை கடிதம் போட்டுவிட்டார்.